தீவில் நாலு நாள் என்ன செய்வது? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். வெப்பமண்டலக் கடலில் ஒரு சின்னத் தீவு, அதில் ஒரே ஒரு ரிசார்ட், நாலைந்து நாள் தங்கல். பொழுது எப்படிப் போகும் என்று சிலருக்குப் பயம், பொழுது போதாதே என்று சிலருக்குக் கவலை. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நானும் கணவரும் ஐந்து இரவு ஒரு தீவு ரிசார்ட்டில் தங்கப் போகிறோம். தீவை இருபது நிமிடத்தில் நடந்தே சுற்றிவிடலாமாம். ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, மேலே மிதந்தபடி மீன் பார்ப்பது), கயாக் என்ற துடுப்புப் படகு, டால்பின் படகு, மணல்திட்டு, யோகா, மசாஜ் என்று ரிசார்ட்காரர்கள் ஒரு நீளமான பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் மணிவாரியாக எக்ஸெலில் போட்டு வைத்திருக்கிறேன். அவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். யார் சரி?

பதில்: அவர் சிரிப்பது சரி, ஆனால் அவரிடம் அதைச் சொல்ல வேண்டாம். திட்டம் போட்டதில் தப்பே இல்லை. மணியைப் பார்த்துப் போட்டதுதான் உதவாது, ஏனென்றால் சின்னத் தீவில் எது எப்போது நடக்கும் என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. பெரும்பாலான இடங்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். ஆக, முதல் நாள் காலை எட்டு மணிக்குத் தளும்பத் தளும்ப இருந்த இடத்தில் நாலாம் நாள் எட்டு மணிக்குப் போனால் முழங்கால் அளவுதான் இருக்கலாம். அடியில் பவளம். அதன்மேல் வயிறு உரசாமல் நீந்தவே முடியாது, கீறினால் அந்தக் காயம் ஆற நாளாகும், பவளத்துக்கும் நல்லதில்லை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. நீங்கள் போகும் தேதிகளைத் தினசரி காலண்டரில் பார்த்தாலே இது தெரிந்துவிடும். சரியான நேரத்துக்கு, போய் இறங்கிய சாயங்காலமே ரிசார்ட்டின் டைவிங் சென்டருக்குப் போய் அந்த வாரத்துக்கான ஓத அட்டவணையை, அதாவது தண்ணீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலைக் கேளுங்கள். எழுதியே மாட்டி வைத்திருப்பார்கள். அங்கேயே இன்னொன்றும் கேளுங்கள்: இப்போது காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது? தீவின் ஒரு பக்கம் அலை புரண்டு கலங்கிக் கிடக்கும்போது மறுபக்கம் அசையாமல் தெளிவாக இருக்கும். இந்த இரண்டு பதிலும் கிடைத்த பிறகு உங்கள் எக்ஸெலைத் திறவுங்கள்.

திறந்து, பாதியை அழித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு நேரம் குறித்துச் செய்யும் காரியம் ஒன்றே ஒன்று. இது என் பிடிவாதமான கருத்து. தண்ணீர் ஏறும்போது ஸ்நார்கெல், வற்றும்போது கரையோர நடை, வெயில் சாய்ந்ததும் கயாக் என்று மற்றதெல்லாம் அதனதன் நேரத்தில் தானாக நடக்கும். படகில் போக வேண்டிய சங்கதிகளை மட்டும் வந்து இறங்கிய நாளுக்கு அடுத்த இரண்டு நாளுக்குள் வையுங்கள். காற்று மாறி ரத்தானால் மறுபடி போக நாள் மிச்சமிருக்கும், கடைசி நாளில் வைத்து ரத்தானால் அவ்வளவுதான். வந்து இறங்கும் நாளில் ஒன்றுமே வேண்டாம். விமானம், படகு என்று மாறி மாறி வந்த உடம்பு அன்றைக்குத் தூங்கத்தான் கேட்கும்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் மீன்களைப் பார்க்க ஆசை. கண்ணாடி அடி வைத்த படகுதான் கதியா?

பதில்: இல்லவே இல்லை. கண்ணாடிப் படகு மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் மீனின் முதுகைத்தான் பார்க்கலாம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கால் தரையில் எட்டும் ஆழத்தில், கூட ஒரு வழிகாட்டி நிற்க, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தால் போதும். முதலில் மாஸ்க் சரியாகப் பொருந்துகிறதா பாருங்கள். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்துப் பிடித்து, கையை எடுத்துவிடுங்கள். கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. விழுந்தால் வேறொன்று கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். நெற்றியில் ஒரே ஒரு முடி மாட்டியிருந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் கசியும், மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில் கசியும். கண்ணாடி பனிபிடிக்காமல் இருக்கக் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு உள்பக்கம் தேய்த்து லேசாக அலசினால் சரியாகிவிடும்.

அப்புறம், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே குனிந்து, குழாய் வழியாக வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள். ஆரம்பத்தில் மூச்சு வேகவேகமாக வரும். அது பயம், எல்லோருக்கும் வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடங்கிய பிறகு காலைத் தரையிலிருந்து எடுங்கள். முகம் முழுவதையும் மூடும் புது வகை மாஸ்க் எனக்குப் பிடிக்காது. உள்ளே தண்ணீர் புகுந்தால் வாயில் இருக்கும் குழாயைத் துப்பிவிட்டு மூச்சு வாங்குவது அதில் முடியாது, மொத்தத்தையும் கழற்றியாக வேண்டும்.

பார்க்க என்ன இருக்கும் என்கிறீர்களா? அடங்கி ஒரே இடத்தில் மிதந்தால் நிறைய. கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் கறுக் கறுக்கென்று உங்களுக்கே கேட்கும். அது கொறித்துத் தின்று வெளியே தள்ளுவதுதான் மணல். பெரிய மீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் போடும். காலையில் நீங்கள் வெறுங்காலோடு நடந்த அந்த வெள்ளை மணலில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான், இதைக் குழந்தைகளிடம் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு முழுக்க அதே பேச்சாக இருக்கும். பாறையில் ஏதோ ஒரு மூலையில் பெரிய மீன்கள் வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்பதைப் பார்த்தால் அங்கேயே இருங்கள். நீலமும் கறுப்புமாகக் கோடு போட்ட விரல் நீளக் குட்டி மீன் ஒன்று அவற்றின் செவுளுக்குள்ளும் வாய்க்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். மற்ற மீன்கள் சலூனில் காத்திருப்பவர்களைப் போலத் தங்கள் முறைக்கு நிற்கும். கையைக் காலை ஆட்டிக்கொண்டு விரட்டினால் இது எதையும் பார்க்க முடியாது.

மூன்று விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். தனியாக இறங்காதீர்கள். பவளத்தின்மேல் நிற்காதீர்கள், அது கல் இல்லை, உயிருள்ள பிராணிகளின் கூட்டம். பவளத்திட்டில் படகு போக இடைவெளி இருக்கும் பக்கம் போகாதீர்கள், தண்ணீர் வற்றும்போது உள்ளே இருக்கும் நீரெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வேகமாக வெளியேறும், நல்ல நீச்சல்காரரையே இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: கணவருக்கு விடுமுறை என்றால் தூக்கம். எனக்கு அரை மணி நேரம் படுத்திருந்தாலே கை கால் பரபரக்கிறது. தேனிலவிலேயே சண்டை வந்துவிடுமோ?

பதில்: ஒரே தீவில் இருக்கிறீர்கள், எங்கே போய்விடப் போகிறார்? காலையில் நீங்கள் பாட்டுக்கு எழுந்து போங்கள். சூரியன் வரும் நேரத்துக் கரையில் நண்டுத் தடம் தவிர ஒரு தடமும் இருக்காது, காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும், கயாக் எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. அவர் எழுந்து வரும்போது நீங்கள் பாதி நாளை முடித்திருப்பீர்கள், சொல்லக் கதையும் இருக்கும். சேர்ந்து செய்யச் சாயங்காலத்தில் ஒன்றை மட்டும் வையுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

கேள்வி: மாமியாருக்கு மூட்டு வலி, மகனுக்கு நாலு வயது. இருவரையும் அழைத்துப் போகிறோம். அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

பதில்: இருவருக்கும் ஒரே நேரம்தான் ஏற்றது, காலை ஒன்பதுக்கு முன், மாலை நாலரைக்குப் பின். நடுவில் அறை, நிழல், தூக்கம். நாலு வயதுப் பிள்ளையை மத்தியானம் தூங்க வைக்காமல் படகில் ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மாமியாருக்கு உலர்ந்த மணல்தான் எதிரி. கால் புதைந்து புதைந்து முழங்கால் விண்ணென்று தெறிக்கும். தண்ணீர் வற்றி இறங்கியபின் ஈரமணல் கெட்டியாக இருக்கும், அந்த நேரம் பார்த்து அழைத்துப் போங்கள். கரை சரிவாக இருந்தால் ஒரு கால் மேடும் ஒரு கால் பள்ளமுமாக நடக்க வேண்டிவரும், அதனால் கொஞ்ச தூரம் போய் அதே வழியில் திரும்பிவிடுங்கள், இரண்டு முழங்காலுக்கும் சமமாகப் போகும். அதைவிட நல்லது, இடுப்பளவு வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்ல நடப்பது. உடம்பின் பாரத்தில் ஏறக்குறைய பாதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், மூட்டு அலட்டாது. அறை பதிவு செய்யும்போதே, தண்ணீர்மேல் கட்டிய வீடு வேண்டாம், படி அதிகம் இல்லாத கரையோர அறையாக, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். தண்ணீர்மேல் வீடு படத்தில் அழகாக இருக்கும், ஆனால் கடலுக்குள் செங்குத்து ஏணியில் இறங்கி ஏற வேண்டும், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது நிம்மதியைக் கெடுக்கும் சமாசாரம். பல ரிசார்ட்டுகளில் அந்த வயதுக் குழந்தைகளை அங்கே தங்க விடுவதே இல்லை.

பையனுக்கு நீங்கள் ஒன்றும் ஏற்பாடு செய்ய வேண்டாம். ஒரு வாளியும் ஒரு சல்லடையும் போதும். சாயங்காலமானால் மணலில் வளை தோண்டும் நண்டு வெளியே வந்து, ஒரு கை மணலை அள்ளி எறிந்துவிட்டு, கண்ணை உயர்த்திப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடும். அவனும் பாட்டியும் அதன் எதிரே உட்கார்ந்துவிட்டால் உங்களுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. காய்த்த தென்னைமரத்தடியில் மட்டும் உட்கார வைக்காதீர்கள், ஊஞ்சல் கட்டியிருந்தாலும் சரி.

கேள்வி: சன்ஸ்கிரீன் எவ்வளவு எண் வாங்குவது? பவளத்துக்குக் கெடுதல் என்கிறார்களே?

பதில்: டியூபில் எஸ்பிஎஃப் என்று போட்டிருப்பதுதான் அந்த எண். எஸ்பிஎஃப் 30 வெயிலில் உள்ள புறஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் சுமார் 98. வித்தியாசம் எண்ணில் இல்லை, தாராளமாகப் பூசுவதிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவதிலும் இருக்கிறது. ஆக்சிபென்சோன், ஆக்டினோக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் பவளத்தைப் பாதிக்கும் என்ற கவலையில் பலாவ் நாடு 2020-லும், ஹவாய் 2021-லும் அவை கலந்த சன்ஸ்கிரீன்களை விற்கத் தடை போட்டன. டியூபின் பின்பக்கம் பார்த்து, துத்தநாக ஆக்சைடு உள்ளதாக வாங்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் நான் இவ்வளவு யோசிப்பதே இல்லை. முழுக்கை வைத்த நீச்சல் மேல்சட்டை ஒன்று வாங்குங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஸ்நார்கெல் செய்பவர்களுக்கு முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் வெந்துபோகும். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் அப்போது தெரியாது, ராத்திரி படுக்கும்போது தெரியும். தரையில் உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா? அந்த நேரத்தில் வெளியே உங்களுக்கு வேலையில்லை.

கேள்வி: இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே என்ன செய்வது? டிவி பார்க்கவா அவ்வளவு தூரம் போவது?

பதில்: என்னைக் கேட்டால் தீவின் சரக்கே இரவில்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் மறைந்த அரை மணி நேரத்துக்குள் நல்ல இருட்டாகிவிடும். கயாக்கில் போனவர்களைச் சூரியன் மறையும் முன்பே கரையேறச் சொல்வது இதனால்தான். சாப்பிட்டு முடித்ததும் விளக்குகள் இல்லாத பக்கம் ஒரு துண்டு விரித்துப் படுத்துவிடுங்கள். போனை எடுக்காதீர்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், ஒருமுறை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் போனால் திருவாதிரை சிவப்பாகத் தெரியும், தெற்கே அகத்திய நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும் தெற்கே தெற்குச் சிலுவையையும் தலையைத் திருப்பித் திருப்பி ஒரே நேரத்தில் பார்க்கலாம். இது பூமியின் நடுப்பகுதியில் நிற்பவர்களுக்கே கிடைக்கிற காட்சி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மேகம் விட்டால், பால்வீதியின் அடர்ந்த நடுப்பகுதி. பௌர்ணமியை ஒட்டிப் போனால் இதில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும், பதிலுக்கு நிலா வெளிச்சத்தில் கரையைச் சுற்றி நடக்கலாம். நட்சத்திரம் வேண்டுமா நிலா வேண்டுமா என்று தேதி பதிவு செய்யும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அமாவாசை இருட்டில் அலை உடையும் இடத்தையும் கவனியுங்கள். சில இரவுகளில் ஈரமணலைக் காலால் தேய்த்தால் நீல ஒளி சிதறும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அசைக்கப்படும்போது விடுகிற வெளிச்சம் அது. எந்த இரவில் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதற்கென்று காசு கேட்டால் யோசியுங்கள். ஆமை முட்டையிடக் கரையேறுவதைப் பார்க்க நேர்ந்தால் டார்ச், ஃபிளாஷ் எதுவும் வேண்டாம். மிரண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

கேள்வி: கடைசி நாள் காலையில் ஸ்கூபா டைவிங் முயன்று பார்த்துவிட்டு, அன்று மாலையே விமானம் ஏறலாமா?

பதில்: கூடாது. ஆழத்தில் மூச்சுவிடும்போது உடம்பில் நைட்ரஜன் கரைந்து தங்கும், உயரே போகும்போது அது குமிழியாகிவிடலாம். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம். அதனால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வையுங்கள். புதியவர்களைப் பயிற்சியாளரோடு அதிகபட்சம் 12 மீட்டர் வரைதான் கூட்டிப் போவார்கள். ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் போகும் முன்பே ஊர் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்நார்கெலுக்கு இந்தக் கணக்கு இல்லை, கடைசி நாள் தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி: டால்பின் படகில் போக ஆசை, வாந்திதான் பயம்.

பதில்: மாத்திரையைப் படகு ஏறும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். குமட்ட ஆரம்பித்தபின் போட்டுப் பயனில்லை. படகின் நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள், அடிவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். பதிவு செய்யும்போது, டால்பின் கூட்டத்தைத் துரத்துவீர்களா, எஞ்சினை அடக்கிவிட்டு நிற்பீர்களா என்று கேளுங்கள். நின்றால் அவையே படகோடு வந்து விளையாடும். துரத்துகிற படகில் உங்களுக்கும் வாந்தி, அவற்றுக்கும் தொல்லை.

கேள்வி: மழைக்காலத்தில்தான் கட்டணம் குறைவாக இருந்தது, பதிவு செய்துவிட்டேன். எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பயப்படாதீர்கள், ஆனால் படகுப் பயணங்களை நம்பி மட்டும் போகாதீர்கள். வெப்பமண்டல மழை பல நாட்களில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும், சில நாள் விடாது பிடிக்கும். மழை பெய்யும்போது கடலில் குளிப்பது தனி சுகம், இடி இல்லாத வரை. இடி கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழித்தே மறுபடி இறங்குங்கள். தடித்த புத்தகம் ஒன்று, சீட்டுக்கட்டு ஒன்று எடுத்துப் போங்கள். மசாஜை முன்கூட்டியே பதிவு செய்யாமல் மழை நாளுக்காக வைத்திருங்கள். மற்றவர்களுக்கும் அதே யோசனை வரும் என்பதால், காலையில் மேகம் கறுத்ததுமே போன் போட்டு இடம் பிடித்துவிடுங்கள்.

கேள்வி: மகள் போன இடமெல்லாம் கிளிஞ்சல் பொறுக்குவாள். தீவில் பொறுக்கலாமா?

பதில்: பொறுக்கலாம், பார்க்கலாம், படம் எடுக்கலாம். கிளம்பும் முன் எல்லாவற்றையும் கரையிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். காலி என்று நினைத்து எடுத்த சங்குக்குள் முனிவர் நண்டு இருக்கும். இல்லாவிட்டாலும் அடுத்த அளவு வீடு தேடி அலையும் ஏதோ ஒரு நண்டுக்கு அது தேவைப்படும். பவளத் துண்டு, பெரிய சிப்பி, ஆமை ஓட்டில் செய்த சாமான் எதையும் பெட்டியில் வைக்கவே கூடாது. கடினப் பவளங்களும் ராட்சதச் சிப்பிகளும் கடல் ஆமைகளும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வருபவை. விமான நிலையத்தில் பிடித்தால் பொருள் போவதோடு அபராதமும் வரலாம், கரையில் சும்மா கிடந்தது என்ற விளக்கம் அங்கே எடுபடாது. மகளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, கிடைத்ததை வரையச் சொல்லுங்கள். மத்தியான வெயில் நேரத்துக்கும் அது ஆச்சு.